மொட்டை மாடியில கொசு விரட்டுற செடி வெச்சா நெஜமாவே வேலை செய்யுமா? தருமபுரி வெயிலுக்கு எது தாங்கும்?

துளசிமாடம்_தருமபுரி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க தருமபுரி டவுன்ல பென்னாகரம் ரோடு பக்கம் வாடகைக்கு இருக்கோம், முதல் மாடி, சின்ன பால்கனியும் மேல மொட்டை மாடியும் எங்களுக்குத்தான். பாப்பாவுக்கு பத்து மாசம். ரெண்டு வாரமா கொசு தாங்க முடியல, அதுவும் ராத்திரிய விட பகல்லதான் ஜாஸ்தி, காலைல தூளியில போட்டு தூங்க வெச்சிட்டு சமையல முடிச்சு வந்து பாத்தா காலு கன்னம் எல்லாம் தடிச்சு கெடக்கு, தூளி சேலை வழியாவே கடிக்குது. லிக்விட் போட்டா பாப்பாவுக்கு தும்மல், சுருள் கொளுத்த பயமா இருக்கு. எங்க தெருவுல ஒரு பையனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில சேத்தாங்க, அதுல இருந்து எனக்கு நிம்மதியே இல்ல.

நர்சரியில கேட்டதுக்கு கொசு செடின்னு ஒன்னு காட்டினாங்க, இலைய கசக்கினா எலுமிச்சை வாசனை வருது, ஒன்னு 250 ரூபா, நாலு மூலைக்கு நாலு வெச்சா ஒரு கொசு வராதாம். கூட துளசி, புதினா, செண்டுமல்லி, ஓமவல்லி எல்லாம் வெக்க சொல்றாங்க. ஏற்கனவே மாடியில ரோஜா, துளசி, கறிவேப்பிலைன்னு பதினஞ்சு தொட்டி இருக்கு. ஆயிரம் ரூபா போடுறதுக்கு முன்னாடி வெச்சு பாத்தவங்க சொன்னா நல்லா இருக்கும்.

பூக்காடு_காவேரிப்பட்டணம்:
தங்கச்சி, நான் காவேரிப்பட்டணம் பக்கம், 2004 வரைக்கும் நாங்களும் உங்க ஜில்லாதான். மத்த செடி பத்தி தெரிஞ்சவங்க சொல்லட்டும், செண்டுமல்லி பத்தி நான் சொல்றேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு பூ வர்ற மாதிரி அரை ஏக்கர் நடுறோம். விடியறதுக்கு முன்னாடி நெத்தியில டார்ச் கட்டிக்கிட்டு பூ பறிக்க எறங்கினா செடி இடுப்பு உசரம் நிக்குது, சுத்தி முழுக்க அந்த வாசனைதான், அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டேதான் கொசுக்கடி வாங்குறோம், முழுக்கை சட்டை இல்லாம எங்க ஆளுங்க யாரும் காட்டுக்குள்ள எறங்க மாட்டாங்க. அரை ஏக்கர் பூவுக்கே போகாத கொசு நாலு தொட்டிக்கா போகப்போவுது.

செண்டுமல்லிய குறை சொல்லல. தக்காளி காட்டுல ஊடால ஒரு வரிசை வெச்சா காய்ப்புழுவோட அந்துப்பூச்சி தக்காளிய விட்டுட்டு இதுல வந்து முட்டை வெக்கும், இதோட வேரு மண்ணுல இருக்கிற நூற்புழுவ கொறைக்கும், நாங்களே வெக்கிறோம். பூச்சிய விரட்டும்னு அங்க சொன்ன பேச்சுதான் எப்படியோ கொசு வரைக்கும் வந்துடுச்சுன்னு நெனக்கிறேன். பூவுக்காக வைங்க, அழகா இருக்கும். பாப்பாவ நம்பி அதுகிட்ட விட்டுடாதீங்க.

மாடித்தோட்டம்_ஓசூர்:
அக்கா, அந்த 250 ரூபா செடி இலை ஓரம் வெட்டு வெட்டா, லேசா ரோமம் மாதிரி இருந்துச்சா? அப்போ அது ஜெரேனியம் வகை, கொசு விரட்டுற எண்ணெய் காய்ச்சுற சிட்ரோனெல்லா புல் இல்ல. அதை வெச்சு பரிசோதனையே பண்ணியிருக்காங்க, செடி பக்கத்துல இருந்தவங்களுக்கும் செடி இல்லாதவங்களுக்கும் கடியில வித்தியாசம் தெரியல. நானும் ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன், ஓசூர் குளிருக்கு நல்லா வருது, தருமபுரி ஏப்ரல் மே வெயில்ல மொட்டை மாடியில வெச்சா கருகிடும்.

விஷயம் என்னன்னா, வாசனை எண்ணெய் இலைக்குள்ள அடைஞ்சு கெடக்கு, கசக்கினாலோ வெட்டினாலோதான் வெளிய வரும், நர்சரியில உங்களுக்கு மணந்தது கையில கசக்கினதாலதான், சும்மா நிக்கிற செடி அந்த அளவு விடாது. கொசு நம்மள தேடி வர்றது மூச்சு விடுற காத்தையும் உடம்பு சூட்டையும் வேர்வை வாசனையையும் வெச்சு, அதை மறைக்கிற அளவுக்கு ஒரு தொட்டியால முடியாது, அதுவும் காத்தடிக்கிற மாடியில சுத்தமா முடியாது. சிட்ரோனெல்லாவுல இருந்து காய்ச்சி எடுக்கிற எண்ணெய தோல்ல தடவினா கொஞ்ச நேரம் தாங்கும், ஒரு மணி ரெண்டு மணி நேரம், அப்புறம் ஆவியாயிடும். பத்து மாச பாப்பாவுக்கு எந்த வாசனை எண்ணெயும் டாக்டர கேக்காம தடவ வேண்டாம்.

ஆசையா புல் வெக்கணும்னா எலுமிச்சைப்புல் வைங்க, வெயில் தாங்கும், டீ போடலாம். சிட்ரோனெல்லான்னு சொல்லி இதையே குடுக்கிறவங்களும் உண்டு, சிட்ரோனெல்லாவுக்கு தண்டோட அடி செவப்பா இருக்கும், எலுமிச்சைப்புல்லுக்கு வெளுப்பா பச்சையா இருக்கும், அதை பாத்து வாங்குங்க.

அரூர்_பெரியவர்:
அம்மா, எங்க காலத்துல கொசு செடின்னா நொச்சிதான். ஆடு மாடு வாய் வெக்காதுன்னு வேலியா வெப்போம், சாயங்காலம் ஆனா மாட்டுக்கொட்டாயில வரட்டி கங்கு மேல பச்சை நொச்சி தழையும் காஞ்ச வேப்பந்தழையும் போட்டு மூட்டம் போடுவோம், மாடு வாலை ஆட்டாம நிம்மதியா படுக்கும். ஆக வேலை செஞ்சது நொச்சி புகைதான், வேலியில நின்ன நொச்சி இல்ல, அந்த வேலி ஓரமா உக்காந்து பேசினா எங்களையும் கடிக்கத்தான் செஞ்சுச்சு. நாலு பக்கமும் தெறந்த கொட்டாய் அது. கைக்குழந்தை இருக்கிற மூடின ரூமுக்குள்ள எந்த மூட்டமும் போடாத, அது மூலிகை புகையா இருந்தாலும் பிஞ்சு நெஞ்சுக்கு புகை புகைதான்.

இன்னொன்னு, தேங்காண்ணெயில கற்பூரம் கரைச்சு குழந்தைக்கு தடவ சொல்லுவாங்க, கேக்காதம்மா. குழந்தை கைய வாயில வெக்கும், கற்பூரம் வயித்துக்குள்ள போனா கொஞ்சமா இருந்தாலும் வலிப்பு வந்துடும். இதை மட்டும் மறந்துடாத.

களப்பணி_பாலக்கோடு:
சிஸ்டர், நான் மூணு சீசன் டெங்கு கொசு ஒழிப்பு வேலையில வீடு வீடா போயிருக்கேன். நீங்க எழுதினதுல எனக்கு முதல்ல கண்ணுல பட்டது ரெண்டு, பகல்ல கடிக்குதுன்றீங்க, பதினஞ்சு தொட்டின்றீங்க. பகல்ல, அதுவும் காலைலயும் சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடியும் கடிக்கிறது ஏடிஸ், அதான் டெங்கு கொசு, ஒன்னை அடிச்சு பாருங்க, காலுல வெள்ளை வெள்ளையா வரி இருக்கும். சாக்கடையில பெருசா வளராது, வீட்டுல தேங்கி நிக்கிற தெளிஞ்ச தண்ணியிலதான் வளரும், பொறந்த எடத்துல இருந்து ரொம்ப தூரமும் போகாது. அதனால உங்க பாப்பாவ கடிக்கிறது பெரும்பாலும் உங்க வீட்டுலயோ பக்கத்து ரெண்டு மூணு வீட்டுலயோ பொறந்ததுதான்.

தொட்டிக்கு அடியில தட்டு வெச்சிருக்கீங்களா? இன்னைக்கே போய் எல்லா தட்டையும் பாருங்க. நான் கொசுப்புழு எடுத்த வீடுகள்ல எத்தனையோ வீட்டுல அழகா செடி வளக்கிறவங்க, அவங்களுக்கு சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமா இருக்கும். பாட்டில் தண்ணியில மணி பிளான்ட், ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, ஆட்டுக்கல் குழி, தேங்கா தொட்டி, பழைய டயர், பெயின்ட் பக்கெட், எல்லாம் பாருங்க.

அப்புறம் டிரம். நம்ம ஊரு போர் தண்ணியில ஃப்ளோரைடு, பல்லு கறை பிடிச்ச பிள்ளைங்கள பாத்தே வளந்தோம், 2013-ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது எவ்ளோ பெரிய விஷயம்னு நமக்குத்தான் தெரியும். ஆனா தெனமும் வராத தெருவுல வர்ற அன்னைக்கே டிரம், குடம், அண்டான்னு எல்லாத்துலயும் பிடிச்சு வெக்கிறோம், அது ஏடிஸ்க்கு தோதா போயிடுது. தண்ணி பிடிக்காதீங்கன்னு யாரும் சொல்ல முடியாது, மூடி சரியில்லன்னா வேட்டித்துணிய ரெண்டா மடிச்சு வாயில இறுக்கி கயிறு கட்டுங்க. வாரத்துக்கு ஒரு நாள் காலி பண்ணி உள் சுவர பிரஷ் போட்டு தேய்ங்க, சும்மா அலசி ஊத்தினா பத்தாது, முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், மாசக்கணக்குல காஞ்சு கெடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணி ஏறினா பொரிஞ்சிடும். வெயில் காலத்துல முட்டையில இருந்து கொசுவாக எட்டு பத்து நாள் போதும், அதான் வாரம் ஒரு தடவைன்னு சொல்றது.

பாப்பாவுக்கு பகல் தூக்கத்துக்கும் வலை போடுங்க. தூளிய சுத்தி வலைய தளர்வா, பாப்பா மேல ஒட்டாம கட்டுங்க, ஒட்டினா வலை வழியாவே கடிக்கும். அந்த ஆயிரம் ரூபாய இதுக்கு போடுங்க.

துளசிமாடம்_தருமபுரி:
அண்ணா, படிச்ச உடனே பாப்பாவ பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டு மாடிக்கு போனேன். பதினஞ்சு தொட்டிக்கு பதினோரு தட்டு இருக்கு, அதுல ஏழுல புழு. தட்டை தட்டினா துடிச்சு துடிச்சு கீழ போகுது. நான் தெனமும் சாமி கும்புடுற துளசி தொட்டி தட்டுலதான் அதிகம், பாத்துட்டு அழுதுட்டேன், பாப்பாவ கடிச்சதெல்லாம் நானே தண்ணி ஊத்தி வளத்திருக்கேன். தட்டு எல்லாத்தையும் எடுத்துட்டேன், அடியில செங்கல் வெச்சிட்டேன். டிரம்முக்கு துணி கட்டியாச்சு. சந்தைப்பேட்டை பக்கம் ஒரு கடையில வலை சொல்லியிருக்கேன், நாளைக்கு வரும்.

பூக்காடு அண்ணா, ஓசூர் தம்பி, ஐயா, எல்லாருக்கும் நன்றி, கற்பூர எண்ணெய் எங்க வீட்டுலயும் தடவ சொன்னாங்க, நல்லவேளை இன்னும் தடவல. கொசு செடி வாங்கல. ரெண்டு சந்தேகம், புழு இருந்த தண்ணிய செடி மண்ணுலயே ஊத்தலாமா? மேல ஹவுஸ் ஓனரோட சின்டெக்ஸ் டேங்க் மூடி ஒடஞ்சு பாதி தெறந்தே இருக்கு, அவர் ஊர்ல இல்ல.

களப்பணி_பாலக்கோடு:
அழாதீங்க சிஸ்டர், தெரியாம நடந்தது, ஏழு தட்டை கண்டுபிடிச்சு கொட்டினீங்களே, உங்க தெருவுக்கே செஞ்ச மாதிரி. தண்ணிய வெயில் காயுற தளத்துல கொட்டுங்க, காஞ்சா செத்துடும், சாக்கடையில மட்டும் ஊத்தாதீங்க. காலி பண்ணின தட்டையும் நல்லா தேய்ச்சு கவுத்து வைங்க. இந்த ஒரு வாரம் கடி இருக்கத்தான் செய்யும், ஏற்கனவே பறக்கிறது சாகணும் இல்ல, அதுக்குள்ள மனசு விட்டுடாதீங்க.

டேங்குக்கு ஓனர் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, கொசுவலை துணிய வாயில போட்டு சைக்கிள் டியூப்ல இறுக்கி கட்டிட்டு அவருக்கு போன் பண்ணி சொல்லிடுங்க. பாப்பாவுக்கு காய்ச்சல் வந்தா மட்டும் ஒரு நாள் கூட தள்ளி போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா மாத்திரை குடுக்க வேண்டாம்.