ஆம்னி வண்டிக்குத் தீயணைப்பான்: எது வாங்குவது, எங்கே மாட்டுவது?

நமக்கு ஊர் குலசேகரம். பழைய பெட்ரோல் மாருதி ஆம்னி வேன் வைத்திருக்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் ரப்பர் ஷீட் ஏற்றுவேன். போன ஞாயிறு பேச்சிப்பாறையிலிருந்து திரும்பும்போது உள்ளே பெட்ரோல் வாடை. நிறுத்தி முன் சீட்டைத் தூக்கினால், எலி கடித்த ஹோஸிலிருந்து இன்ஜின் மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அம்மா, பின்னால் இரண்டு பிள்ளைகள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஹோஸை மாற்றிவிட்டேன். தீயைத் தானாக அணைக்கும் டியூப் சிஸ்டம் போடலாமா, கையால் அடிக்கும் தீயணைப்பு சிலிண்டர் போதுமா?

பதில் 1 (தக்கலை, வயரிங் வேலை)

தம்பி, அந்த டியூப் இன்ஜின் மேல் ஓடும். சூடு பட்ட இடத்தில் உருகி வெடித்து மருந்து பீச்சும், கரண்டே வேண்டாம். நல்ல சாதனம்தான். ஆனால் உங்கள் இன்ஜின் சீட்டுக்கு அடியில். ஓடும்போது பவுடர் வெடித்தால் இடுக்கு வழியே உள்ளே புகையாக வரும், ரோடு தெரியாது. அதனால் பவுடர் டியூப் வேண்டாம் என்பேன்.

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 2 கிலோ ஏபிசி பவுடர் (துணி, பெட்ரோல், கேஸ் என மூன்று வகைத் தீக்கும் ஆகும் பவுடர்) சிலிண்டர் வாங்குங்கள். பிரஷர் காட்டும் கேஜில் முள் பச்சையில் நிற்க வேண்டும். இரும்பு பிராக்கெட் வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். சும்மா கிடந்தால் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விடும். ஷீட் மூட்டைக்குப் பின்னால் மட்டும் மாட்டாதீர்கள், அவசரத்துக்குக் கை எட்டாது. அப்புறம், பியூஸ் இல்லாமல் ஹாரன், லைட் இழுத்திருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள்.

பதில் 2 (ஆரல்வாய்மொழி)

அண்ணா, சாவியை அணைத்து எல்லாரையும் இறக்கிய பிறகுதான் சிலிண்டரைத் தொட வேண்டும். சீட்டை முழுக்கத் தூக்கக் கூடாது, காற்று புகுந்து தீ எகிறும். கொஞ்சம் மட்டும் தூக்கி, அந்தச் சின்ன இடுக்கு வழியாக அடியுங்கள். எங்கள் ஊர்க் காற்றில் எதிர்த்து நின்று அடித்தால் பவுடர் முகத்துக்கே வரும். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். பத்து விநாடி போலத்தான் வரும். அடங்காவிட்டால் விட்டுவிட்டு விலகி 101 கூப்பிடுங்கள். மாதம் ஒரு முறை தலைகீழாகக் குலுக்குங்கள், பவுடர் அடியில் இறுகிவிடும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. 2 கிலோ வாங்கி, இடது சீட்டுக்குப் பின்னால் சைடு கதவைத் திறந்ததும் கைக்கு வரும் இடத்தில் மாட்டியாயிற்று. பிள்ளைகளுக்கு அந்தக் கதவை உள்ளிருந்து திறக்கப் பழக்கினேன். சின்னவளுக்கு இழுக்க பலம் போதவில்லை. நாளை அந்தக் கதவு நகரும் ரன்னருக்கு கிரீஸ் போடப் போகிறேன்.