தொடுமேசை வெயிலில் குழம்புகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. முதுகலை ஆய்வுக்காக, நாலு பேர் சுற்றி நின்று ஒரே நேரத்தில் தொடக்கூடிய மேசை ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 2005-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப் ஹான் காட்டிய வழிதான். அக்ரிலிக் பலகையின் ஓரத்தில் அகச்சிவப்பு எல்இடிகள். ஒளி பலகைக்குள்ளேயே எதிரொளித்து ஓடும். விரல் பட்ட இடத்தில் மட்டும் சிதறிக் கீழே இறங்கும். அடியில் உள்ள கேமராவுக்கு அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

ராத்திரியில் அருமையாக வேலை செய்கிறது. காலையில் ஜன்னல் வெயில் விழுந்ததும் படம் முழுக்க வெளுத்துவிடுகிறது. வெப்கேமின் அகச்சிவப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு, கழுவிய பழைய ஃபிலிம் துண்டை வைத்திருக்கிறேன். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் மறைக்கிறது, வெயிலில் உள்ள அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடுகிறது. என் எல்இடி ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டர். அதை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் சென்னையில் ஒன்றிரண்டாகக் கிடைக்குமா? ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்தேன், கையை விரித்துவிட்டார்கள்.

அப்புறம், காய்ந்த விரலை இழுத்தால் புள்ளி அறுந்து அறுந்து வருகிறது. மேலே மெல்லிய சிலிக்கோன் பூச்சு வேண்டுமாம். குமிழி வராமல் பூசியவர்கள் கலவை அளவைச் சொல்லுங்கள்.

தொட்டது யார் என்று பிரித்தறியவும் ஆசை. 2001-இல் மிட்சுபிஷி ஆய்வகத்தின் டைமண்ட்டச் மேசை, மேசையிலிருந்து உடல் வழியாக நாற்காலிக்குப் பாயும் சிக்னலை வைத்து அதைச் செய்தது. கேமராவை மட்டும் வைத்து முயன்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?