சிக்னலில் நின்றால் மட்டும் இன்ஜின் சூடாகிறது, ஃபேன் ஓடுகிறது. உதவி தேவை

வேளச்சேரி ரைடர்:
வணக்கம். என்னுடையது 200 சிசி, லிக்விட் கூல்டு, கார்புரேட்டர் பைக். 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்வந்தாலும் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆர் நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், டெம்பரேச்சர் லைட் எரிகிறது. நேற்று ரிசர்வ் பாட்டிலில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொதித்து வழிந்துவிட்டது. ஃபேன் ஓடும் சத்தம் நன்றாகவே கேட்கிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிவிடலாம் என்கிறார். தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன், இன்ஜின் சீஸ் ஆகி இறுகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மலைப்பாதை:
ரேடியேட்டர் இடுக்குகளில் சேறு அடைத்திருக்கலாம். பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவிப் பாருங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

வேளச்சேரி ரைடர்:
போன வாரம்தான் கழுவினேன். மாற்றம் இல்லை.

பட்டறைக்காரன்:
தம்பி, தெர்மோஸ்டாட்டில் கை வைக்காதீர்கள். அது திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தால் ஈசிஆரிலும் சூடாகியிருக்கும். ஓடும்போது சரி, நின்றால் கோளாறு என்றால் முதலில் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. இரண்டு கேள்விகள். ஒன்று, இது எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்? இரண்டு, ஃபேன் ஓடும்போது முழங்காலில் அனல் அடிக்கிறதா?

அப்புறம், லைட் எரிந்தால் ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

வேளச்சேரி ரைடர்:
அண்ணா, ஒரு மாதம் முன்பு ஃபேனுக்குப் போகும் கனெக்டர் உருகிப்போனது. ஒரு பட்டறையில் கனெக்டரை வெட்டிவிட்டு ஒயரை நேரடியாக முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. முன்பெல்லாம் சிக்னலில் நின்றால் காலில் அனல் அடிக்கும். நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது, இப்போது அப்படி அடிப்பதே இல்லை.

பட்டறைக்காரன்:
அப்படியானால் எனக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஃபேன் ஓடுகிறது, ஆனால் தலைகீழாகச் சுற்றுகிறது. அது டிசி மோட்டார். பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும், சத்தமும் வரும். ஆனால் முன்னாலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்க வேண்டியது, இன்ஜின் பக்கத்து அனலை எடுத்து ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளும். ஃபேன் இல்லாததைவிட மோசம்.

ஒரு சின்னச் சோதனை. சென்டர் ஸ்டாண்டோ பேடாக் ஸ்டாண்டோ போட்டு, திறந்த இடத்தில் வண்டியை ஐடிலில் விடுங்கள். ஃபேன் ஓட ஆரம்பித்ததும் ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்து விலகினால் ஒயர் மாறியிருக்கிறது. பின்சக்கரத்தில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை:
இது எனக்குத் தோன்றவே இல்லை. ஃபேன் ஓடுகிறது என்றதும் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன்.

வேளச்சேரி ரைடர்:
பேப்பர் பறந்துவிட்டது அண்ணா! பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஃபேனின் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் பற்றவைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் உறை) போட்டேன். மறுபடி பார்த்தபோது பேப்பர் ரேடியேட்டரில் ஒட்டி நின்றது. இன்று மாலை பெருங்குடியில் இருபது நிமிடம் ஊர்ந்தேன். ஃபேன் ஓடும், கொஞ்ச நேரத்தில் தானே நிற்கும், மறுபடி ஓடும். லைட் எரியவே இல்லை. முழங்காலில் அந்த அனல் திரும்ப வந்துவிட்டது, இந்த முறை சந்தோஷமாக இருந்தது. மிக்க நன்றி.

பட்டறைக்காரன்:
நல்லது. இத்தனை முறை சூடானதால் இரண்டு விஷயங்கள் மட்டும் பார்த்துவிடுங்கள். ஆயில் பால்காப்பி நிறத்தில் இருக்கிறதா? அப்படி இருந்தால் கூலண்ட் ஆயிலில் கலக்கிறது. ஹெட் கேஸ்கெட்டையும் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) வாட்டர் பம்ப் சீலையும் பார்க்க வேண்டும். வழிந்துபோன கூலண்டுக்குப் பதில் என்ன ஊற்றினீர்கள்?

வேளச்சேரி ரைடர்:
ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஊற்றியது வீட்டு போர் தண்ணீர்.

பட்டறைக்காரன்:
அதை முழுவதும் வடித்துவிடுங்கள் தம்பி. போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். டிஸ்டில்ட் வாட்டரால் ஒரு முறை அலசிவிட்டு, கலந்தே விற்கும் கூலண்ட் ஊற்றுங்கள். ஊற்றியதும் மூடியைத் திறந்தபடியே சில நிமிடம் ஐடிலில் விட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும். அளவு இறங்க இறங்க நிரப்பி, அப்புறம் மூடுங்கள். இதைக் குளிர்ந்த இன்ஜினில், காலையில் முதல் வேலையாகச் செய்யுங்கள்.