இன்னும் 12 நாள்: கடைசியாக ஒரு 35 ஓடிப் பார்க்கலாமா?

செம்மண்_சாலை:
வணக்கம், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கேஎல் (கோலாலம்பூர்) மாரத்தானில் முழு தூரம், 42.195 கிலோமீட்டர், எனக்கு இதுதான் முதல் தடவை. ஐந்து மாதமாக வேலைக்குப் போகுமுன் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் இருட்டோடு ஓடுகிறேன். அதிகபட்சம் 30 ஓடியிருக்கிறேன், அதுவும் ஒரே தடவை. இந்த ஞாயிறு, அதாவது போட்டிக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், லிந்தாங் சாலையில் 35 ஓடிவிட்டால் மனசுக்குத் தைரியம் வரும் என்று தோன்றுகிறது. கூட ஓடுகிறவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன சொல்கிறீர்கள்?

பால்மரக்காட்டான்:
ஓடு தம்பி. நான் பதினோரு முழு மாரத்தான் முடித்தவன், முதல் போட்டிக்கு முந்தின வாரம் 35 ஓடிவிட்டுத்தான் போனேன். 30-க்கு அப்புறம் உடம்பு என்ன கேட்கும் என்று தெரியாமல் போய் நிற்பது பெரிய பயம். எங்கள் அப்பா தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் சுமந்து, மேடும் பள்ளமுமாக நாள் முழுக்க ரப்பர் மரம் சீவினார். ஓய்வு வேண்டும் என்று ஒரு நாள் கேட்டதில்லை. நம் உடம்பு அந்த வழியில் வந்தது.

காலை_ஷிப்ட்:
அண்ணே, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் தாதி, நானும் ஓடுகிறவள். தம்பி, ஒரு நீண்ட ஓட்டத்தின் பலன் உடம்பில் சேர ஏறக்குறைய பத்து நாள், இரண்டு வாரம் பிடிக்கும். ஞாயிறு ஓடும் 35-இல் அலுப்பு மட்டும்தான் போட்டி நாள்வரை கூடவே வரும், பலன் வந்து சேராது. நான் முதல் மாரத்தானுக்கு எட்டு நாள் முன்னால் 32 ஓடினேன், கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு, சரியாகிவிடும் என்று நம்பினேன். 28-ஆவது கிலோமீட்டரில் அதே இடம் இழுத்தது, மீதி 14-ஐயும் நொண்டி நொண்டி நடந்தேன். ஐந்து மாத உழைப்பு அந்த ஒரு காலைப்பொழுதில் போனது.

அப்புறம் ஒன்று. என் அம்மாவும் பால்மரம் சீவியவர்தான். அவர் ஓய்வு கேட்காதது கேட்டால் அன்றைய கூலி போகும் என்பதால். இன்று படியேற முடியவில்லை. அதைப் பயிற்சிக்கு உதாரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பால்மரக்காட்டான்:
அம்மாவைப் பற்றிச் சொன்னது தைத்தது, அதை விடுகிறேன். ஆனால் இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்தால் கால் பூட்டிக்கொள்ளும், எடையும் ஏறும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

காலை_ஷிப்ட்:
சும்மா உட்காரச் சொல்லவில்லையே! தூரத்தைப் பாதியாகக் குறை, வேகத்தைக் குறைக்காதே, ஓடும் நாட்களையும் பெரிதாகக் குறைக்காதே, இதுதான் நான் சொல்வது. கடைசி இரண்டு நாள் எடை ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறுவது நல்லதுதான். சோறு, இடியப்பம், ரொட்டி என்று மாவுச்சத்தைக் கூட்டும்போது அது தசையில் கிளைக்கோஜனாகச் சேர்கிறது, ஒரு கிராமோடு மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்குகிறது. 30 கிலோமீட்டருக்கு மேல் பலர் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுவது அந்தச் சேமிப்பு காலியாவதால். அதற்கு மருந்து இந்த ஞாயிற்றுக்கிழமை 35 இல்லை. வெள்ளி, சனி சாப்பாடும், முதல் 10 கிலோமீட்டரை நிதானமாக ஓடுவதும்தான்.

பசார்_முனை:
தண்ணீர் விஷயம்? நம் ஊர் புழுக்கத்துக்கு, தண்ணீர் நிலையம் வரும்போதெல்லாம் இரண்டு கப் குடி என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

காலை_ஷிப்ட்:
தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது உப்புச்சத்து, குறைந்திருந்தது, முக்கியக் காரணம் அளவுக்கு மேல் குடித்தது. வெறும் தண்ணீரோடு இடையிடையே 100 பிளஸ் மாதிரி உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஏதாவது எடு, ஆனால் பயிற்சியில் குடித்துப் பழகியதாக இருக்கட்டும். வலிமாத்திரை மட்டும் முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடாதே, அந்த வெயிலில் சிறுநீரகத்துக்கு ஆகாது.

பால்மரக்காட்டான்:
மாத்திரை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். சப்பாத்தும் புதுசு வேண்டாம். ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. போகாத தூரத்தில் தனியாக நிற்கும்போது சோற்றுக்கணக்கு தைரியம் தராது.

காலை_ஷிப்ட்:
உண்மைதான் அண்ணே. அந்த 12 கிலோமீட்டர் எல்லாருக்குமே ஒரு தடவை புதுசு. காயமில்லாத காலோடு போய்ப் பார்க்கட்டும் என்கிறேன்.

செம்மண்_சாலை:
இரண்டு பேருக்கும் நன்றி. 35 வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு 16, கடைசி 3 மட்டும் போட்டி வேகத்தில். பழைய சப்பாத்துதான். சனி காலை இங்கிருந்து இடிஎஸ் ரயில், மதியம் நிறையச் சோறு, ராத்திரி உறைப்பில்லாமல் கொஞ்சமாக, எட்டு மணிக்குப் படுக்கை. ஆனால் அண்ணன் சொன்ன பயம் அப்படியே இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

பால்மரக்காட்டான்:
ஓடும் பாதையை எனக்கு அனுப்பு தம்பி. 35-ஆவது கிலோமீட்டர் எங்கே வருகிறதோ அங்கே நான் வந்து நிற்கிறேன்.