கம்ப்ரஷன் நல்லா இருக்கு, ஆனா ஐடில்ல கீழ் சிலிண்டர் செத்துப்போகுது. கிராங்க்கேஸ் சீலா இருக்குமா?

குளச்சல்_வள்ளம்:
அண்ணன்மாரே, எங்க வள்ளத்துல ஓடுறது 9.9 குதிரை ரெண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் மோட்டார், ஏழு வருஷமா ஓடுது. இப்ப ரெண்டு மாசமா காலைல பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ண கயிறு பதினஞ்சு இருபது தடவை இழுக்க வேண்டியிருக்கு, பிடிச்சாலும் ஐடில்ல நிக்காம தடதடன்னு ஆடிட்டு நின்னுடுது, ஆனா பாதி த்ராட்டில் தாண்டிட்டா ஒரு குறையும் இல்ல, பழைய மாதிரியே இழுக்குது. ஐடில்ல மேல் பிளக் வயர எடுத்தா உடனே நின்னுடுது, கீழ் வயர எடுத்தா ஒரு மாற்றமும் இல்ல. கார்புரேட்டர் ரெண்டு தடவை கழுவியாச்சு, பிளக் புதுசு, காயில மேல கீழ மாத்தியும் பாத்துட்டேன், அப்பவும் கீழ் சிலிண்டர்தான். கம்ப்ரஷன் கேஜ் வச்சா ரெண்டுக்கும் 5 பிஎஸ்ஐ கூட வித்தியாசம் இல்ல. பக்கத்துல ஒரு மெக்கானிக் ரிங் மாத்தணும்னு சொல்றாரு. கம்ப்ரஷன் இருக்கும்போது ரிங் எதுக்குன்னு எனக்கு மனசு ஒப்பல. இது சீல் பிரச்சனையா, பிரிக்காம எப்படி கண்டுபிடிக்கறது?

தூத்துக்குடி_பட்டறை:
தம்பி, ரிங்குக்கு காசு போடாதீங்க. கம்ப்ரஷன் கேஜ் பிஸ்டனுக்கு மேல இருக்கறத மட்டும்தான் சொல்லும். டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டனுக்குக் கீழயும் ஒரு பம்ப் இருக்கு, அதுதான் கிராங்க்கேஸ். பிஸ்டன் மேல போறப்ப கிராங்க்கேஸ் ரீட் (ஒரு பக்கமா மட்டும் திறக்கற மெல்லிசு தகடு) வழியா காத்தும் எண்ணெயும் இழுக்கும், கீழ வர்றப்ப அத அமுக்கி சிலிண்டருக்குள்ள தள்ளும். அந்த அமுக்கம் சீல் வழியா கசிஞ்சா மேல எவ்வளவு கம்ப்ரஷன் இருந்தாலும் எரிக்க சரக்கு வராது. வேகமா சுத்தறப்ப கசிய நேரம் கிடைக்காது, அதான் பாதி த்ராட்டிலுக்கு மேல நல்லா ஓடுது. மெதுவா சுத்தறப்பவும் கயிறு இழுக்கறப்பவும்தான் குட்டு வெளிய வரும்.

உங்க மோட்டர்ல கசிய மூணு இடம் இருக்கு. ஃப்ளைவீலுக்கு அடியில மேல் சீல், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் கீழ் சீல், ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல ஒரு அடைப்பு. மேல் சீல் போனா மேல் சிலிண்டர் வெளிக்காத்த இழுத்து லீனா, அதாவது காத்து கூடி எண்ணெய் கொறைஞ்சு ஓடும், பிளக் வெள்ளையாகும், ஆர்பிஎம் தானா ஏறும், ஃப்ளைவீல கழட்டுனா அடியில கருப்பா எண்ணெய் தெறிச்சிருக்கும். இத சும்மா விட்டா பிஸ்டன் ஜாம் ஆயிடும். நடு அடைப்பு போனா பெரும்பாலும் ரெண்டு சிலிண்டரும் சேந்து மொரண்டு பிடிக்கும். உங்களுக்கு கீழது மட்டும்னா எனக்கு கீழ் சீல் மேலதான் சந்தேகம். அங்கதான் புகையும் உப்புத் தண்ணியும் கூடவே இருக்கு.

அதுக்கு முன்னாடி ரீட பாத்துடுங்க. ஐடில்ல கார்புரேட்டர் வாய்க்கு நேரா உள்ளங்கைய ரெண்டு விரக்கடை தள்ளி பிடிங்க, எண்ணெய் தூத்தலா திரும்பி கையில அடிச்சா ரீட் விரிஞ்சிருக்கு. அது ரெண்டு மணி நேர வேலை, சீல் மாதிரி பவர்ஹெட்ட (மேல இருக்கற எஞ்சின் பாகத்த) எறக்க வேண்டாம்.

கை காஞ்சே இருந்தா ஃபியூயல் பம்ப கழட்டுங்க, அடியில பல்ஸ் ஓட்டை தெரியும், கிராங்க்கேஸ் அமுக்கம் பம்ப ஆட்டறதுக்கு வர்ற வழி அது. அது கீழ் சிலிண்டரோட கிராங்க்கேஸுக்குப் போனா உங்களுக்கு யோகம். அந்த பிஸ்டன மேல கொண்டுவந்து ஃப்ளைவீல பிடிச்சுக்கிட்டு, சைக்கிள் பம்ப்ல டியூப் மாட்டி கேஜ் வச்சு 5, 6 பிஎஸ்ஐ மட்டும் காத்து விடுங்க. கம்ப்ரசர் வேண்டாம், சீலோட உதடு திரும்பிக்கும். கார்புரேட்டர் வாயில உஸ்ஸுன்னு வந்தா ரீட், மேல் சிலிண்டர் பிளக் ஓட்டையில வந்தா நடு அடைப்பு, டிரைவ் ஷாஃப்ட் பக்கம் அடியில வந்தா கீழ் சீல். அதே சிலிண்டரோட பிளக் ஓட்டையில லேசா வர்றது ரிங் இடுக்கு வழியா வர்றது, பயப்படாதீங்க. பல்ஸ் மேல் சிலிண்டருக்குப் போயிருந்தா எறக்கித்தான் பாக்கணும்.

மன்னார்_கடல்:
பட்டறை அண்ணை சொன்னது சரி, ஆனா நடு அடைப்ப லேசா விட்டிடாதேங்கோ. எங்கட 40 குதிரை ரெண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு மேல் சீலும் கீழ் சீலும் புதுசு போட்டும் ஐடில்ல போட் முழுக்க நடுங்கினது. பிறகு கிராங்க் கழட்டிப் பாக்கேக்கதான் நடு பேரிங் பக்கம் இருக்கிற காடியெல்லாம் தேஞ்சு மழுங்கினது தெரிஞ்சது. அது ரப்பர் சீல் இல்லை, ஒண்டோட ஒண்டு முட்டாம சின்ன இடைவெளியில வரிசையா காடி வெட்டி வச்சிருக்கிறது. ஒரு பிஸ்டன் கீழ இறங்கேக்க மற்றது மேல ஏறும், ஒரு பக்கம் அமுக்கம் மற்றப்பக்கம் உறிஞ்சல், காடி தேஞ்சா ஒண்டின்ட சரக்க மற்றது களவெடுக்கும். புது எஞ்சின்லயும் நிப்பாட்டி வச்சு காத்தடிச்சா அதுக்குள்ளால கொஞ்சம் போகும், அதால மேல் பிளக் ஓட்டையில கொஞ்சக் காத்து வந்த உடன கிராங்க் பழுதாப் போயிட்டுதெண்டு முடிவெடுக்காதேங்கோ, நல்லா ஓடுற அதே மாதிரி எஞ்சின் ஒண்டுக்கும் அடிச்சு ஒப்பிட்டுப் பாருங்கோ.

இன்னொண்டு, காத்து அடிக்கேக்க நிக்கிற சீல் உறிஞ்சேக்க விடும். அமுக்கம் உதட்ட ஷாஃப்ட்டோட ஒட்டப் பண்ணும், வாக்குவம் அத விலக்கும். ரெண்டு விதமாயும் பாத்தால்தான் நம்பலாம்.

குளச்சல்_வள்ளம்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கை வச்சு பாத்தேன், தூத்தல் இல்ல. பல்ஸ் ஓட்டை கீழ் சிலிண்டருக்குத்தான் போகுது. காத்து விட்டா கேஜ் முள்ளு நிக்கவே இல்ல, ஏற ஏற இறங்குது, மேல் பிளக் ஓட்டையில கைய வச்சா சும்மா மூச்சு விடுற மாதிரி, ஆனா அடியில காத வச்சா சீறுது. நேத்து மச்சானும் நானும் பவர்ஹெட்ட எறக்கிட்டோம். கீழ் சீல் உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைச்சுப் போச்சு, உள்ள இருக்கற ஸ்பிரிங் துரு பிடிச்சு ரெண்டு துண்டா கையில வந்துச்சு. கிராங்க்ல சீல் உக்கார்ற இடத்துல ஒரு கோடு விழுந்திருக்கு, நகம் வச்சா மாட்டுது. புது சீல் போட்டா நிக்குமா?

தூத்துக்குடி_பட்டறை:
நகம் மாட்டுச்சுன்னா அதே இடத்துல புது சீல் ரொம்ப நாள் நிக்காது தம்பி. உள்ள இடம் இருந்தா சீல ஒரு மில்லிமீட்டர் தள்ளி உக்கார வைங்க, உதடு புது இடத்துல படும். இடம் இல்லன்னா லேத்துல கொடுத்து கோடு விழுந்த இடத்து மேல மெல்லிசா ஸ்டீல் ஸ்லீவ் (உறை) ஏத்தலாம். முக்கியமா, கீழ ரெண்டு உதடு இருந்தா ஒண்ணு மேல பாத்து கிராங்க்கேஸ் அமுக்கத்த பிடிக்கும், இன்னொண்ணு கீழ பாத்து புகையையும் தண்ணியையும் தடுக்கும். பழைய சீல் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கோங்க, திருப்பிப் போட்டா திரும்ப எறக்கணும். உதட்டுல கிரீஸ் தடவாம ஏத்தாதீங்க. துரு அங்க வரைக்கும் வந்திருக்குன்னா கீழ் பேரிங்க கையால சுத்திப் பாருங்க, கரகரன்னா அதையும் இப்பவே மாத்திடுங்க. அப்புறம் மேல் சீலும் அதே வயசுதான், ஃப்ளைவீல் கழட்டுன கையோட அதையும் போட்டுடுங்க.

குளச்சல்_வள்ளம்:
பேரிங் கரகரங்குது அண்ணே. ரெண்டு சீலும் பேரிங்கும் வாங்க நாளைக்கு நாகர்கோவில் போறேன், ஸ்லீவுக்கு லேத்துல அளவு கொடுத்தாச்சு.