கடினப் புருவம் என்பது சாலையில் எந்தப் பகுதி?

கேள்வி:
எங்கள் ஊர்ச் சாலையை "கடினப் புருவங்களுடன் கூடிய இருவழித்தடமாக" அகலப்படுத்துவதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். அகலம் 10 மீட்டர். இருவழித்தடம் 7 மீட்டர்தானே, மீதி எதற்கு? அதில் பைக் ஓட்டலாமா?

பதில்:
நடுவில் 7 மீட்டர் ஓடுதளம், இருபுறமும் ஒன்றரை மீட்டர் தார் போட்ட புருவம். பேவ்டு ஷோல்டர் என்பதும் இதுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓரத்து வெள்ளைக்கோடு எல்லை. தார்ப் புருவத்துக்கும் வெளியே மண் புருவம். ஒப்பந்தக்காரர்கள் பெர்ம் என்பார்கள்.

புருவம் முதலில் சாலையைக் காக்கத்தான். பக்கத்தில் பிடிமானம் இல்லாத தார் விளிம்பில் லாரிச் சக்கரம் ஏறினால் விளிம்பு உடையும், அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கி அடித்தளம் இளகும். கடினப் புருவம் இருந்தால் விளிம்பு சக்கரம் ஓடும் இடத்தைவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறது.

சைக்கிளும் மெதுவாகப் போகும் பைக்கும் அதில் போகலாம். இடப்பக்கமாக முந்துவதற்கு அது தடம் அல்ல. குறுகிய கல்வெர்ட்டில் (சிறுபாலத்தில்) புருவம் சட்டென்று முடியும். முன்கூட்டியே கண்ணாடியில் பின்னால் பார்த்து உள்ளே வந்துவிடுங்கள்.

பதில்:
வேலை நடக்கும்போது பெர்மைக் கவனியுங்கள், ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய இடம் அதுதான். தண்ணீர் வடிய, தார்ப்பகுதி ஓரம் நோக்கிச் சரியும் அளவு மீட்டருக்கு 25 மி.மீ. என்றால் மண் புருவத்துக்கு 30 மி.மீ.யாவது வேண்டும். புல்லும் வண்டலும் சேர்ந்து பெர்ம் உயர்ந்தால் மழைநீர் சாலையிலேயே நிற்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வெட்டிச் சமன்செய்ய வேண்டும்.

மண் அரித்துப் பள்ளமாவது இன்னும் ஆபத்து. இடச்சக்கரம் கீழே இறங்கியதும் பதறி ஸ்டியரிங்கை வெட்டினால், விளிம்பில் உரசி நிற்கும் டயர் திடீரென ஏறி வண்டியை எதிர்த்தடத்துக்கு வீசிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். வேகம் நன்றாகக் குறைந்தபின் மெல்ல ஏறுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வண்டி பழுதானால் அங்கே நிறுத்தலாமா?

பதில்:
நிறுத்தலாம், ஆனால் ஒன்றரை மீட்டரில் கார்கூட முழுதாக அடங்காது. பெர்ம் கெட்டியாக இருந்தால் இடச்சக்கரங்களை அதில் இறக்குங்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். வளைவு என்றால் வளைவுக்கு முன்பே தெரிய வேண்டும். எல்லோரும் இடப்புறமாக இறங்கிச் சாலையைவிட்டு விலகி நிற்கவும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள்.