ஜாப்ளினும் பெர்லினும் ஒரே அறையில்: இந்தக் கற்பனை நியாயமானதா?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். மார்க் சால்ட்ஸ்மன் எழுதி, 2009இல் நியூயார்க்கில் ரவுண்டபவுட் நாடகக் குழுவினர் மேடையேற்றிய ‘தி டின் பான் ஆலி ராக்’ என்ற இசை நாடகம், ராக்டைம் என்ற, தட்டுப் பிறழ்ந்து ஒலிக்கும் அமெரிக்கப் பியானோ இசையின் மேதை ஸ்காட் ஜாப்ளினும் இளம் பாடலாசிரியர் இர்விங் பெர்லினும் பெர்லினின் பதிப்பகத்தில் சந்தித்து உரையாடுவதாகக் கற்பனை செய்கிறது. இருவரும் சந்தித்ததற்கு உறுதியான சான்று இல்லாதபோது, வாழ்ந்து மறைந்த கலைஞர்களின் வாயில் நாம் சொற்களை வைக்கலாமா? ஜாப்ளினின் இசையைப் பல ஆண்டுகளாக நேசித்துக் கேட்டுவருபவன் என்பதால், இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

மறுமொழி 1

இந்தக் கற்பனைக்கு வலுவான அடித்தளம் உண்டு. ஜாப்ளினின் ‘சோலஸ்’, ‘யூஃபோனிக் சவுண்ட்ஸ்’ ஆகிய பியானோ இசைப் படைப்புகளை 1909இல் வெளியிட்ட செமினரி நிறுவனமும், பெர்லின் பாடல் எழுதிக்கொண்டிருந்த டெட் ஸ்னைடரின் நிறுவனமும் நெருங்கிய தொடர்புடையவை. ஒரே முகவரியில் இயங்கியவை. ஆகவே, இருவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கலாம் என்று எண்ணுவது மிகையன்று.

ஆனால் கசப்பான பக்கமும் இருக்கிறது. 1911 மார்ச்சில் பெர்லினின் ‘அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்’ வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அதன் மெட்டு தம் ‘ட்ரீமோனிஷா’ ஓப்பராவிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஜாப்ளின் மனம் வருந்தியதாக அவரை அறிந்தவர்கள் பின்னாளில் கூறினர். அது மெய்ப்பிக்கப்படவில்லை. இப்படி ஒரு மனக்குறை இருக்கும் இடத்தில் நாடகாசிரியர் இருவரையும் எதிரெதிரே உட்கார வைப்பது இயல்பானதே என்பது என் கருத்து.

மறுமொழி 2

முந்தைய நண்பர் மனக்குறையைச் சொன்னார். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது இருவருக்கும் பொதுவான துயரம். ஜாப்ளின் 1904இல் மணந்த ஃப்ரெடி அலெக்சாண்டர், திருமணமாகிப் பத்து வாரங்களில் நிமோனியாவால் இறந்தார். 1912இல் பெர்லின் மணந்த டோரதி கெட்ஸ், தேனிலவுக்குக் கியூபா சென்றபோது தொற்றிய டைபாய்டால் சில மாதங்களில் மறைந்தார்; அந்த இழப்பிலிருந்து பிறந்ததே ‘வென் ஐ லாஸ்ட் யூ’ என்ற பாடல். டெக்சாஸில் வளர்ந்த கறுப்பின இசைஞரும், ரஷ்யப் பேரரசிலிருந்து 1893இல் குழந்தையாக நியூயார்க் வந்த யூதரும் இந்த ஒரு புள்ளியில் ஒருவரையொருவர் சொல்லாமலேயே புரிந்துகொண்டிருப்பார்கள்.

பியானோவும் நாடகத்துக்கு உதவுகிறது. பெர்லினுக்குக் கறுப்புக் கட்டைகள் மிகுந்த ஒரே சுருதியில்தான் வாசிக்கத் தெரியும். மற்ற சுருதிகளுக்கு மாற, நெம்புகோல் பொருத்திய தனிப் பியானோவை வைத்திருந்தார். ஜாப்ளினோ, இடக்கை தாளத்தைப் பிசகாமல் பிடித்திருக்க, வலக்கை தட்டுக்கு முன்னும் பின்னும் விழும் நுட்பத்தைச் செதுக்கியவர். ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியன்று என்று தம் இசைத்தாள்களிலேயே அச்சிட வைத்தவர். அந்தப் பியானோவின் முன் இருவரையும் அமர்த்தினால், உரையாடல் பாதி தேவையில்லை.

மறுமொழி 3

எனக்கு ஓர் அச்சம் உண்டு. சந்திப்பு இனிமையாக முடிந்தால், ஜாப்ளின் பட்ட அவமதிப்பு பார்வையாளரின் நெஞ்சிலிருந்து கரைந்துவிடும். ‘ட்ரீமோனிஷா’வை எந்தப் பதிப்பாளரும் ஏற்காததால், 1911இல் 230 பக்கங்கள் கொண்ட அதன் பியானோ வடிவத்தைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். பிறகு, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் காட்சியமைப்பும் வாத்தியக்குழுவும் இல்லாமல், தாமே பியானோ வாசித்து ஒருமுறை அதை நிகழ்த்தினார். அதற்கு வரவேற்பு இல்லை. கல்விதான் தம் மக்களின் விடுதலைக்கு வழி என்று ஓர் இளம்பெண்ணின் வழியாகச் சொன்ன அந்தப் படைப்பு முழுமையாக மேடையேறும் முன்பே, 1917 ஏப்ரல் 1 அன்று மனநல மருத்துவமனையில் இறந்தார். நாடகம் இந்தக் கணக்கைத் தீர்த்துவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. என் தயக்கம் பெரிதும் நீங்கியது. ஆயினும் மூன்றாவது நண்பரின் அச்சத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ‘ட்ரீமோனிஷா’ 1972இல் அட்லாண்டாவில் மேடையேறியது. 1976இல் ஜாப்ளினுக்குச் சிறப்புப் புலிட்சர் விருது வழங்கப்பட்டது. பெர்லின் 1989 வரை, 101 வயதுவரை வாழ்ந்தவர். இதைப் போல இன்னொரு நாடகம் எழுதப்படுமானால், அந்த விருதுச் செய்தி வரும் நாளில் முதியவர் பெர்லின் தம் நெம்புகோல் பியானோவின் முன் தனியே அமர்ந்திருக்கும் காட்சியை நான் பார்க்க விரும்புகிறேன்.